மனந்திரும்புதலும் கிருபையும்: தமிழ்க் கிறித்தவ மரபில்

மனந்திரும்புதல் என்பது ஒருவர் தம் பாவத்தை உணர்ந்து வருந்தி, அதை அறிக்கையிட்டு, அதைவிட்டு விலகி இறைவனிடம் மீள்வதைக் குறிக்கும் கிறித்தவக் கோட்பாடு. அவ்வாறு மீள்பவருக்கு அவருடைய தகுதியைப் பாராமல் இறைவன் அளிக்கும் மன்னிப்பும் துணையும் கிருபை எனப்படும். சீர்திருத்தச் சபையினர் இச்சொற்களை வழங்க, கத்தோலிக்கர் இன்று மனமாற்றம், அருள் என்கின்றனர். மனிதன் திரும்புவதால் கிருபை கிடைக்கிறதா, கிருபை முந்திக்கொள்வதால்தான் மனிதன் திரும்புகிறானா என்பது இக்கோட்பாட்டின் மையக் கேள்வி. தமிழ்நாட்டில் இக்கேள்வி பதினாறாம் நூற்றாண்டு முதல் நூல்களிலும் பாடல்களிலும் வழிபாட்டு முறைகளிலும் தொடர்ந்து பேசப்பட்டு வந்துள்ளது.

விவிலிய அடிப்படை

பழைய ஏற்பாட்டில் மனந்திரும்புதல் தனிமனிதர் செயலாகவும் ஊரார் செயலாகவும் வருகிறது. யோனாவின் எச்சரிக்கையைக் கேட்ட நினிவே மக்கள் இரட்டுடுத்தி உபவாசம் இருந்தனர். பத்சேபாளுடன் செய்த விபசாரத்துக்காக நாத்தான் தீர்க்கதரிசியால் கண்டிக்கப்பட்ட தாவீது பாடியதாகக் கருதப்படும் 51ஆம் சங்கீதம், திருச்சபை வகுத்த ஏழு மனவருத்தச் சங்கீதங்களுள் முதன்மையானது. புதிய ஏற்பாட்டில் யோவான் ஸ்நானகனும் இயேசுவும் மனந்திரும்புதலுக்கான அழைப்போடு தங்கள் பணியைத் தொடங்குகின்றனர். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் உள்ள கெட்ட குமாரன் உவமையில், மகன் தான் சொல்ல நினைத்ததைச் சொல்லுமுன்பே தந்தை ஓடிச்சென்று அவனைத் தழுவிக்கொள்கிறார். கிருபையே முந்துகிறது என்போர் பெரிதும் எடுத்துக்காட்டும் இடம் இது. பவுல் ரோமருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்கள் இக்கருத்தைக் கோட்பாடாக விரித்துரைக்கின்றன.

திருச்சபை வரலாற்றில்

தொடக்கத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்குச் சபையறிய நீண்டகாலத் தவம் விதிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில், மனிதன் தன் முயற்சியாலேயே நல்வழியில் நிற்க இயலும் என்று பெலாஜியுஸ் கற்பித்தார். திரும்ப வேண்டும் என்ற விருப்பமே இறைவன் தருவது என்று அகுஸ்தீன் (354–430) மறுத்தார். 418இல் கார்த்தேஜிலும் 529இல் ஆரஞ்சிலும் கூடிய சங்கங்கள் பெலாஜியுஸின் கொள்கையையும் அதன் மிதமான வடிவத்தையும் விலக்கின. ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதை 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டாயமாக்கியது.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் மார்ட்டின் லுத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளுள் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதாகும். 1551இல் இதற்கு மறுமொழியாக திரெந்துச் சங்கம், மனவருத்தம், வாய்மொழி அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் குருவின் மன்னிப்போடு சேர்ந்து ஓர் அருட்சாதனமாகும் என்று வரையறுத்தது.

முத்துக்குளித்துறையும் முதல் அச்சு நூல்களும்

1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்து முக்கிய மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கச் செய்தார். ஆயினும் குருக்களுக்குத் தமிழ் தெரியாததால், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் பெருஞ்சிக்கலாயிற்று. தன் அந்தரங்கக் குற்றத்தைத் துபாசியின் வழியாகச் சொல்ல எவருக்கும் மனம் வராது.

இக்குறையை நீக்கியவர் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அன்றீக்கே அன்றீக்கசு (1520–1600). அவர் தமிழைப் பேசவும் எழுதவும் கற்று இலக்கணமும் வகுத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மொழி எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1580இல் வந்த ‘கொம்பெசியனாயரு’ முழுக்க முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. அறிக்கையிட வருபவர் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கும் குரு கேட்பதற்கும் ஏற்றபடி அது எழுதப்பட்டது. இவ்வகையில், தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று மனந்திரும்புதலைப் பற்றியதாகும்.

பின்வந்த கத்தோலிக்க ஞானோபதேசங்கள் மனவருத்தத்தை இரண்டாகப் பிரித்தன. இறையன்பினால் எழுவது உத்தம மனஸ்தாபம். நரக பயத்தால் எழுவது அற்ப மனஸ்தாபம். சாவான பாவத்தால் இழந்த தேவ இஷ்டப்பிரசாதத்தை, அதாவது கிருபையை, மீண்டும் பெறுவதற்குப் பாவசங்கீர்த்தனமே வழக்கமான வழி என்று அவை கற்பித்தன.

தரங்கம்பாடி

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் லுத்தரின் போதனையைத் தமிழுக்குக் கொண்டுவந்தனர். ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் பயின்றவர்கள் என்பதால், பாவ உணர்வின் உட்போராட்டத்தைக் கடந்தே ஒருவர் புதுப்பிறப்பை அடைகிறார் என்பதை அழுத்தமாகப் போதித்தனர். சீகன்பால்கு லுத்தரின் ஞானோபதேசத்தையும் புதிய ஏற்பாட்டையும் தமிழாக்கினார். மன்னிப்பு விசுவாசத்தால் மட்டுமே வருவது என்ற இப்போதனையை எதிர்த்துக் கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார். ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கு இவ்வாறு தமிழ் உரைநடையில் தொடர்ந்தது.

ஜெர்மானியப் பாடல்களை லுத்தரன் மிஷனெரி பப்ரிசியுஸ் ஞானப்பாட்டுகளாகத் தமிழில் தந்தார். ஆயினும் சபையாரின் நாவில் நிலைத்தது கர்நாடக இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அவற்றுக்கு முன்னோடி. பாவி தன் நிலையைச் சொல்லிப் புலம்புவதும், தகுதியில்லாத தன்னை ஏற்ற கிருபையை வியப்பதும் கீர்த்தனைகளின் நிலையான பொருளாயின. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் கேட்டுப் பழகிய செவிக்கு இத்தொனி புதிதல்ல.

எழுப்புதல்கள்

1860 மே மாதம் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் (1810–1867) சபையில் ஓர் எழுப்புதல் தொடங்கித் திருநெல்வேலி முழுவதும் பரவியது. மக்கள் கதறியழுது பாவங்களைச் சபையறிய அறிக்கையிட்டனர். பெண்களும் இளைஞர்களும் எழுந்து பேசினர். தரிசனங்களும் அந்நிய பாஷைகளும் பதிவாயின. மிஷனெரிகளுள் சிலர் இதனைக் கிருபையின் செயலாக வரவேற்றனர். சிலர் உணர்ச்சிப் பெருக்கு என்று ஐயுற்றனர். இவ்வலை 1870களில் திருவிதாங்கூரை எட்டியது. அங்கு யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் 1881இல் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று அறிவித்து, அது நிகழாததால், எழுப்புதல்களின்மீது நம்பிக்கை குறைந்தது. மனந்திரும்பும் அழைப்பையே மையமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே சபைகளும் கன்வென்ஷன் கூட்டங்களும் இருபதாம் நூற்றாண்டில் இம்மரபைத் தொடர்ந்தன.

இரட்சணிய யாத்திரிகம்

இக்கோட்பாட்டுக்குத் தமிழில் முழுமையான காப்பிய வடிவம் தந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற ஆங்கில உரைநடை நூலைத் தழுவி, கம்பனின் நடையில் அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது.

முதுகில் பாவச்சுமையுடன் புறப்படும் பயணி எவ்வளவு முயன்றும் அதை இறக்க இயலாமல் தவிக்கிறான். சிலுவையைக் கண்டதும் சுமை தானே கழன்று விழுகிறது. பனியனின் நூலில் இல்லாத இரட்சணிய சரிதப் படலத்தைக் கிருஷ்ண பிள்ளை சேர்த்து, கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடினார். பயணியின் முயற்சியைவிட இறைவனின் செயல் இதனால் முன்னுக்கு வருகிறது. நடுநடுவே தேவாரம் என்ற தலைப்பில் பக்திப் பாடல்களையும் அமைத்தார்.

கிருஷ்ண பிள்ளை பிறந்த வைணவ மரபிலும் இதனையொத்த விவாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயத்தை வடகலையாரும், தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விச்செல்லும் மார்ஜார நியாயத்தைத் தென்கலையாரும் எடுத்துரைப்பர். ஆனால் கிறித்தவக் கோட்பாட்டில் கிருபை சிலுவை மரணம் என்ற ஒரு வரலாற்று நிகழ்வோடு பிணைக்கப்பட்டிருப்பது வேறுபாடு.

இன்றைய நிலை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை (1962–1965) அடுத்து, 1973இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பாவசங்கீர்த்தன முறையைத் திருத்தியது. தமிழில் அது இன்று ஒப்புரவு அருட்சாதனம் எனப்படுகிறது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் சபையார் சேர்ந்து பொது அறிக்கை சொல்ல, ஆயர் மன்னிப்பை அறிவிப்பார். பெந்தெகொஸ்தே சபைகள் தனிமனிதரின் இரட்சிப்பு அனுபவத்தை வலியுறுத்துகின்றன. சாம்பல் புதனில் தொடங்கும் நாற்பது நாள் தவக்காலத்தைக் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் கடைப்பிடிக்கின்றனர். பின்னவர் அதனை லெந்து நாட்கள் என்பர்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. இறைவன் மனிதனை ஏற்பது அவனுடைய தகுதியால் அன்று, கிருபையால் மட்டுமே என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மெதடிஸ்ட் சபைகள் 2006இல் அதில் இணைந்தன. கிருபையின் முதன்மை பற்றிய பிணக்கு இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்துள்ளது. பாவத்தை யாரிடம், எம்முறையில் அறிக்கையிடுவது என்பதில் சபைகளுக்கிடையே வேறுபாடு நீடிக்கிறது.