விளி

விளி என்றால் கூப்பிடுதல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இதற்கென்றே விளிமரபு என்று தனி இயல் உண்டு. எட்டாம் வேற்றுமை அது. அண்ணன் 'அண்ணா' ஆவதும், நம்பி 'நம்பீ' ஆவதும் அதன் வேலை. மணிமங்கலம் என்ற ஊரின் தெருவில் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஊருக்கு அருகிலுள்ள திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஆலையில் ஐபோன்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. அவற்றுக்குள்ளும், ஒரு நிரல் இன்னொன்றைக் கூப்பிடும் விளி நடக்கிறது. சில செயலிகளின் உடல் ஸ்விஃப்ட் மொழியில் இருக்கும். அடிக்கடி மாறும் கணக்குகளை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைப்பார்கள். 2013இல் வந்த ஐஓஎஸ் 7, ஜாவாஸ்கிரிப்ட்கோர் என்ற கட்டமைப்பின் வழியே அந்தக் கணக்குகளை நேரடியாக விளிக்கும் வசதியைச் செயலி எழுதுவோருக்குத் தந்தது. முதலில் ஸ்கிரிப்டை ஏற்ற வேண்டும், பிறகு ஃபங்ஷனைப் பெயர்சொல்லித் தேடி எடுக்க வேண்டும், மதிப்புகளைக் கொடுத்து விடையை வாங்க வேண்டும். அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 4.4இன் வெப்வியூவில் விடை உடனே கைக்கு வராது. பின்னர் சரமாக வந்து சேரும்.

தமிழ் விளியில் பெயரின் ஈறு நீளும், குறையும். நிரலில் ஓரெழுத்து மாறினாலும் ஆள் கிடைக்காது. 'அன்டிஃபைன்ட்' என்ற பதில்தான். ஃபங்ஷனைக் கூப்பிடுவதற்குச் செயற்கூறு அழைப்பு என்ற வழக்கு உண்டு. எனக்கென்னவோ விளியே பிடித்திருக்கிறது, விளிதல் என்றால் சாதல் என்றும் பொருள் இருந்தாலும். செயலி நடுவில் செத்துவிழுவதைப் பார்த்தவர்கள் அந்தப் பொருளையும் ஒப்புவார்கள்.