ஜப்பானில் ஓவியம் பயின்ற பினோத் பிகாரி முகர்ஜி

பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) வங்காளத்தைச் சேர்ந்த ஓவியர். சாந்திநிகேதன் கலாபவனத்தின் முதல் தலைமுறை மாணவர்களுள் ஒருவர். 1937–38இல் ஏறத்தாழ ஓராண்டு ஜப்பானில் தங்கி அந்நாட்டு ஓவியங்களைக் கற்றார். அப்போது அவர் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்த கலாபவன ஆசிரியர். ஆயினும் அங்கு அவர் சென்றது மாணவராகத்தான்.

இந்திய ஓவியர்கள் ஜப்பானை நோக்கியது அவர் காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1902இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒககுரா கக்குசோ இந்தியா வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகினார். மறு ஆண்டு அவர் அனுப்பிய யோகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தனர். தைக்கான் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவனீந்திரநாத் தாகூர், வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைத்து நனைத்து மென்மையாக்கும் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். வங்காள ஓவியங்கள் பலவற்றில் காணும் பனிமூட்டம் போன்ற சாயல் இப்படி வந்ததே. 1916இல் இரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் சென்றபோது இளம் ஓவியர் முகுல் டே உடன் சென்றார். 1924 பயணத்தில் நந்தலால் போஸ் சென்றார்.

இந்தத் தொடர்பில் ஒரு குறை இருந்தது. ஜப்பானிடமிருந்து பலர் எடுத்துக்கொண்டது அந்தப் பனிமூட்டத்தை மட்டுமே. கை வழக்கம் வந்தது, பார்க்கும் முறை வரவில்லை. பினோத் பிகாரியின் பயணம் தனித்து நிற்பது இந்த இடத்தில்தான்.

அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. வழக்கமான பள்ளிப் படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. 1917இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். 1919இல் கலாபவனம் தொடங்கியதும் அதில் சேர்ந்தார். பார்வை குறைந்தவர் ஓவியம் கற்பதா என்று நந்தலால் தயங்கியபோது, பையன் ஆர்வத்தோடு உட்கார்ந்து வேலை செய்கிறான் என்றால் விட்டுவிடுங்கள் என்ற பொருளில் தாகூர் சொன்னதாகக் கூறுவர். 1925இல் அங்கேயே ஆசிரியரானார்.

சாந்திநிகேதனைச் சுற்றி மழைநீர் அறுத்துப் பள்ளமும் மேடுமாக்கிய செம்மண் நிலம் உண்டு, 'கோவாய்' என்பார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைச் சரிவுகளைப் பார்த்தவர்கள் இதை எளிதில் மனத்தில் கொண்டுவரலாம். மண்ணின் நிறம்தான் வேறு. அந்த நிலத்தை அவர் நீண்ட தாள் சுருள்களில் வரைந்தார். ஜப்பானுக்குப் போகும் முன்பே சுருள் வடிவம் அவர் கையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் மூலத்தைக் காணவே அவர் புறப்பட்டார்.

ஜப்பானியச் சுருள் ஓவியத்துக்கு 'எமாகி' என்று பெயர். அதைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. தரையில் வைத்து, இடக்கையால் விரித்து, பார்த்து முடித்த பகுதியை வலக்கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது இரு கைகளுக்கு இடைப்பட்ட நீளம் மட்டுமே. முழு ஓவியத்தையும் ஒரே பார்வையில் காண முடியாது. நடந்து போகிறவன் ஊரைப் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கண்ணருகே கொண்டுவந்து துண்டு துண்டாகப் பார்த்து, மனத்தில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் உடைய ஒருவருக்கு இந்த வடிவம் எவ்வளவு பொருந்தியிருக்கும்!

அங்கு அவரைக் கவர்ந்தவர்கள் மூவர். தோபா சோஜோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விலங்குச் சுருள்களில் தவளை முயலை மல்யுத்தத்தில் வீழ்த்துகிறது. கறுப்பு மையும் கோடும் தவிர வேறொன்றும் இல்லை. செஷ்ஷூ 1486இல் வரைந்த நிலக்காட்சிச் சுருள் சுமார் 16 மீட்டர் நீளம். பதினேழாம் நூற்றாண்டின் சோதாட்சு, மடிப்புத் திரைகளில் வெற்றிடத்தையே ஓவியத்தின் பகுதியாக்கியவர். இம்மூவரில் எவரையும் பினோத் பிகாரி நகலெடுத்து வரவில்லை.

அவர் பயணம் செய்த காலமும் சாதாரணமானதன்று. 1937 ஜூலையில் ஜப்பான் சீனா மீது முழுப் போரைத் தொடங்கியது. மறு ஆண்டு அந்தப் போரை ஆதரித்த கவிஞர் நொகுச்சிக்குத் தாகூர் கண்டனக் கடிதங்கள் எழுதினார். அதே 1937இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறக்கப்பட்டது. ஜப்பானில் கற்று வந்தவர் 1942இல் அந்தச் சீன பவனத்தின் சுவரில்தான் வளாக வாழ்க்கையை வரைந்தார்.

கற்றதன் முழுப் பயன் தெரிவது 1946–47இல் இந்தி பவனத்தில் வரைந்த சுவரோவியத்தில். மூன்று சுவர்களில் ஏறத்தாழ 80 அடி நீளம். பொருள் இடைக்கால இந்தியாவின் அருளாளர்கள். நம் இராமானுசர் இருக்கிறார்; கபீர், சூர்தாஸ், துளசிதாசர், குரு கோவிந்த சிங் இருக்கிறார்கள். யாரும் சிம்மாசனத்தில் இல்லை. உழைக்கும் மக்கள் நடுவே சற்று உயரமாக நிற்கிறார்கள். ஈரச் சுண்ணச் சாந்து காயும் முன் வண்ணம் ஏற வேண்டிய முறை இது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களும் ஈரச் சாந்தில் தீட்டப்பட்டவை என்பர். தவறினால் சாந்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்க முடியும். அப்படிப்பட்ட வேலையை முழு அளவு மாதிரிப்படம் எதுவும் சுவரில் பதிக்காமல், ஒற்றைக் கண்ணின் மங்கலான பார்வையோடு செய்தார். எழுந்து நடந்தால்தான் ஓவியம் முழுதும் தெரியும். சுருள் சுவரில் ஏறிவிட்டது.

தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. திருவாரூர்க் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாக, தமிழ்க் குறிப்புகளோடு தீட்டப்பட்டுள்ளது. அதையும் அண்ணாந்தபடி நடந்துதான் படிக்க வேண்டும்.

இந்தி பவன வேலையில் உதவிய மாணவர்களுள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தவர்; விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு மூடப்பட, 1944இல் கலாபவனம் சேர்ந்தார். 1963இல் லக்னோ இரவீந்திராலயத்தில் 81 அடி நீளச் சுடுமண் சுவர்ச் சிற்பத்தை அமைத்தவர் இவரே. ஆசிரியரின் தன்வரலாற்று நூலான 'சித்ரகர்' ஆங்கிலத்துக்கு வந்ததும் இவர் மொழிபெயர்ப்பில்தான்.

1949இல் பினோத் பிகாரி சாந்திநிகேதனை விட்டு நேபாள அரசு அருங்காட்சியகப் பணிக்குச் சென்றார். 1950களின் நடுவில் செய்த கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இருந்த பார்வையும் போயிற்று. 1958இல் கலாபவனத்துக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். தாளை விரலால் தடவி மடித்தும் வெட்டியும் ஒட்டியும் படங்கள் செய்தார். மெழுகில் உருவங்கள் பிடித்தார். 1972இல் அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்னும் ஆவணப்படம் எடுத்தார். அந்தப் படத்தில், கறுப்புக் கண்ணாடி அணிந்த முதியவர் கலாபவனச் சுவருக்கான பீங்கான் ஓட்டு ஓவியத்தைத் தொட்டுத் தொட்டு ஒழுங்குபடுத்துவதைக் காணலாம்.