பழைய ரைஃபிளுக்கு விலை பேசப் போறீங்களா? அட்வான்ஸ் கைமாறும் முன் பார்க்க வேண்டியவை

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் காலமாகி சில மாதங்கள் ஆகின்றன. சாமான்களை ஒழிக்கும்போது பீரோவுக்குள் துணி சுற்றிய பழைய ரைஃபிள் ஒன்று இருக்கிறது. "இங்கிலாந்து கம்பெனி துப்பாக்கி, லட்சக்கணக்கில் போகும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அம்பதாயிரம் தர்றேன், இப்பவே எடுத்துட்டுப் போறேன்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

இரண்டையும் அப்படியே நம்பக் கூடாது. இந்தியாவில் பழைய துப்பாக்கியின் விலையை முதலில் தீர்மானிப்பது காகிதம். அடுத்தது தோட்டா. கம்பெனி பெயரும் வயதும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தெரியாமல் பேரம் பேசினால் பணம் மட்டுமல்ல, ஜெயில் வரைக்கும் பிரச்னை போகும்.

முதல் கேள்வி: துப்பாக்கி யார் பெயரில் இருக்கு?

ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. உரிமம் அந்த நபருக்கு மட்டுமே. அவர் இறந்ததும் மனைவிக்கோ மகனுக்கோ தானாக மாறிவிடாது.

அதனால் குடும்பம் செய்ய வேண்டிய முதல் வேலை, துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குவது. ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில், ஒப்படைத்த பிறகும் அதைத் தகுதியான ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெறும் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கவோ உரிமம் பெற்று மீட்கவோ செய்யாவிட்டால், மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவில் அது அரசுடைமை ஆகிவிடலாம். ரசீதைப் பத்திரமாக வைத்து, கெடுவை அன்றே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

விற்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி உண்டு. ஆயுத விதிகள் 2016, சட்டப்படியான வாரிசு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க இடம் தருகிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வயதான உரிமதாரர்கள் உள்ள வீடுகளில் இதை முன்கூட்டியே செய்தால் பின்னால் அலைச்சல் இல்லை.

"இன்னைக்கே எடுத்துக்கிறேன்" ஏன் முடியாது?

உரிமம் வைத்திருக்கும் ஒரு தனிநபர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு உரிமதாரருக்கு விற்கலாம். அதற்கு டீலர் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் விற்கப் போவதை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்கள் முடிந்த பிறகே கைமாற்ற முடியும். நெய்வேலிக்காரர்களுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் கடலூர் கலெக்டர்.

வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவரது உரிமம் அந்த ரகத் துப்பாக்கியை அனுமதிக்க வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம் என்பது 2019 திருத்தம். அதற்கு முன் இது 3 ஆக இருந்தது. ஏற்கெனவே 2 வைத்திருப்பவர் எவ்வளவு பணம் தந்தாலும் மூன்றாவதை வாங்க முடியாது. வாரிசாக வரும் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான்.

'ஆன்டிக்' என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

பேரத்தில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். "நூறு வருஷத்துப் பொருள், லைசென்ஸ் தேவையில்லை" என்பார்கள். வயதை மட்டும் வைத்து சட்டம் விலக்கு தருவதில்லை. பழங்கால ரகமாகவோ தொன்மை மதிப்பு உள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. போல்ட் இழுத்தால் நகர்கிறது, குழல் அடைபடவில்லை என்றால் அது சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். விற்பவர் வாயால் சொல்வது போதாது. எழுத்துமூலம் அதிகாரியிடம் தெளிவு பெறாமல் பணம் தரக் கூடாது.

விலையை ஏற்றுவது எது, இறக்குவது எது?

தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980-களில் கிட்டத்தட்ட அடைபட்டுப் போனது. அதனால் அதற்கு முன் வந்த ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், மவுசர் போன்றவற்றுக்கு இங்கே தனி மவுசு. ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி, கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் என்று வேட்டைக் கதைகள் வழியாகப் பழக்கமான பெயர்களும் ஆசையைக் கிளப்பும்.

மறுபக்கம், வாங்கும் ஆட்கள் குறைவு. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் வேட்டைக்கான கதவை மூடியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் காட்டுப்பன்றி தொல்லை என்றாலும், இஷ்டத்துக்குச் சுட்டுவிட முடியாது. ஆக, வேட்டை ரைஃபிள் என்ற பெருமைக்கு விலை கேட்கலாம். பயன்பாட்டுக்கு அந்த விலை கிடைக்காது.

அடுத்து துளை அளவு. ராணுவத்திலும் போலீஸிலும் புழங்கிய .303 தோட்டா போடும் ரைஃபிள் தடை செய்யப்பட்ட ரகம். அதற்கு கலெக்டர் உரிமம் தர முடியாது, மத்திய உள்துறை அமைச்சகம்தான் தர வேண்டும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான .315 ரைஃபிள் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது சாதாரண உரிமத்தில் வரும் ரகம். தோற்றத்தைப் பார்த்து விலை பேசினால் இங்கே மாட்டிக்கொள்வோம். உரிமத்தில் எழுதியிருக்கும் அளவும், குழலில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

பெரிய கம்பெனி ரைஃபிள்தான், ஆனால் தோட்டா கிடைக்கவில்லை என்றால் அது அலமாரிப் பொருள். அருகில் உள்ள துப்பாக்கிக் கடையில் "இந்த அளவுக்குத் தோட்டா இருக்கா, என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் பேச உட்காருவதே சரி.

பேரத்தில் எதைக் காட்டிக் குறைக்கலாம்?

துப்பாக்கியை "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிறேன்" என்பது சட்டப்படி தவறு. உரிமதாரர் கையில் இருக்கும்போதோ, அவர் கூட இருக்க கடையிலோ பார்க்கலாம். தோப்பில் சுட்டுப் பார்ப்பதும் கூடாது. அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போய் இவற்றைக் கவனிக்கலாம்:

• வரிசை எண் உரிமத்தோடு பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் பேரமே வேண்டாம்.
• குழலுக்குள் துருக்குழி இருக்கிறதா, உள்வரிகள் தேய்ந்திருக்கின்றனவா? இதற்குத்தான் விலை அதிகம் குறையும்.
• போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கி எண்ணும் ஒன்றா? பாகம் மாற்றியிருந்தால் சேகரிப்பாளர் விலை கிடைக்காது.
• கட்டையில் விரிசல் உண்டா? பாலிஷ் போட்டுப் புதிதாக்கியிருந்தால், பழமைக்கான மதிப்பு குறையும்.
• சோதனை முத்திரை எந்தக் காலத்தது? கருமருந்துக்காகச் செய்த குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது உயிருக்கே ஆபத்து.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்றால், அரசுத் தொழிற்சாலையின் புதிய .315 ரைஃபிள் இன்று என்ன விலை என்று விசாரிக்கலாம். சாதாரணப் பழைய ரைஃபிளுக்கு அதைவிட அதிகம் கேட்டால், ஏன் என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். விற்கும் குடும்பமும் ஒரே ஆளின் வாய்வார்த்தையை நம்பாமல், குறைந்தது இரண்டு கடைகளில் மதிப்புக் கேட்கலாம். அவசரமாகப் பணம் நீட்டுபவர், பெரும்பாலும் 45 நாளைத் தாண்டி ஓட நினைப்பவர்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது

முன்பணம் சிறிதாக இருக்கட்டும், வங்கி வழியாகப் போகட்டும். துப்பாக்கியின் பெயர், அளவு, வரிசை எண், இருவரின் உரிம எண், பேசிய தொகை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரி கட்டாயம். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதால், தாமதமானால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதலாம்.

கைமாறிய பின், வாங்கியவரின் உரிமத்தில் துப்பாக்கி பதிவாகிவிட்டதா, தன் உரிமத்தில் இருந்து நீக்கப்பட்டதா என்று விற்றவர் நேரில் உறுதி செய்ய வேண்டும். அது நடக்காத வரை, நாளை அந்தத் துப்பாக்கி எங்கே வெடித்தாலும் போலீஸ் முதலில் கதவு தட்டுவது விற்றவர் வீட்டில்தான்.