துருவச் சுழல் கற்பித்தல்

துருவச் சுழல் என்பது இரு துருவங்களின் மேலும் குளிர்காலந்தோறும் உருவாகும் பெருங்காற்று வட்டம். துருவ இரவு தொடங்கியதும் வெயிலில்லாமல் அடுக்கு மண்டலக் காற்று கடுமையாகக் குளிர்கிறது. ஏறத்தாழ 16 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வன்காற்று அந்தக் குளிரைச் சுற்றி வளைத்து நிற்கிறது. வசந்தத்தில் வெயில் திரும்பியதும் சுழல் கலைந்துவிடும்.

2014 ஜனவரியில் அமெரிக்காவைக் கடுங்குளிர் வாட்டியபோதுதான் இப்பெயர் செய்திகளில் பரவியது. வடக்கிலிருந்து இறங்கிவந்து ஊர்களைத் தாக்கும் புயல் என்று மாணவர்கள் இதை எண்ணிக்கொள்வதுண்டு. பாடம் முதலில் திருத்த வேண்டியது இதையே. சுழல் வலுவாக இருக்கும்வரை குளிர் பெரும்பாலும் வடக்கிலேயே அடங்கிக் கிடக்கும். சுழல் தளரும்போதுதான் குளிர் தெற்கே வழிகிறது.

தளர்வுக்கு முக்கியக் காரணம், மலைத்தொடர்களும் நில-கடல் வெப்ப வேறுபாடும் எழுப்பும் பேரலைகள். அவை மேலேறி உடையும்போது அடுக்கு மண்டலம் சில நாட்களிலேயே பல பத்து டிகிரி சூடேறும். பெர்லினில் பலூன் கருவிகளின் பதிவுகளில் இதை 1952இல் கண்டறிந்தவர் ரிச்சர்ட் ஷெர்ஹாக். தென் துருவத்தைச் சுற்றிக் கடலே சூழ்ந்திருப்பதால் அங்குள்ள சுழல் எளிதில் குலைவதில்லை.

வகுப்புக்கு மிக ஏற்றது, 1950களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவ் ஃபுல்ட்ஸ் செய்த பாத்திரச் சோதனை. சுழலும் வட்டப் பாத்திரத்தில் நீர் ஊற்றி, விளிம்பைச் சூடாக்கி, நடுவைக் குளிர்வித்து, மேலே அலுமினியத் தூள் தூவினார். மெதுவாகச் சுற்றும்போது நீரோட்டம் ஒழுங்கான வட்டமாக ஓடியது. வேகம் கூடியதும் மடிப்பு மடிப்பாக நெளிந்தது. சுழலுக்குக் கீழே வீசும் ஜெட் காற்றோட்டம் நெளிவதும் இப்படித்தான். நடுவில் பனிக்கட்டி டப்பாவும் சில சொட்டு வண்ண மையும் வைத்துப் பள்ளியிலேயே இதைச் செய்யலாம். எத்தனை வரைபடம் காட்டினாலும் இந்தத் தெளிவு வராது.

2019 ஜனவரித் தொடக்கத்தில் வடதுருவச் சுழல் பிளவுபட்டது. 30ஆம் தேதி சிகாகோவில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. தண்டவாளம் பிரியுமிடங்கள் உறைந்துவிடாமலிருக்க ரயில்வேயினர் அவற்றின் ஓரமாக எரிவாயுச் சுடர் ஏற்றினர். கொதிநீரைக் காற்றில் வீசிப் பனித்துகளாக்கப் பார்த்தவர்களில் சிலருக்குச் சூட்டுக்காயம் பட்டது. வகுப்பில் அந்த வித்தை கூடவே கூடாது. அதே ஜனவரிதான் ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான மாதம். இந்தக் குளிரைக் காட்டிப் புவி சூடாவது பொய் என்று வாதிடும் மாணவருக்கு இரண்டையும் ஒரே உலகப்படத்தில் காட்டலாம்.

பாதுகாப்புப் பாடத்துக்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிரை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் போன வீடுகளில் ஜெனரேட்டரை உள்ளே ஓட்டியும் கரி அடுப்பை மூட்டியும் குளிர்காய்ந்தவர்கள் பலர் கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர்.