வாட்டின் நீராவி யந்திரம்

நீராவி யந்திரத்தைச் சிருஷ்டித்தவர் ஜேம்ஸ் வாட் (1736–1819) என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கமாயினும், அவர் பிறப்பதற்கு முன்பே, 1712இல், தாமஸ் நியூகோமன் அமைத்த யந்திரம் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றில் நீரிறைத்துக் கொண்டிருந்தது. அது எரிபொருளை எங்கே விரயம் செய்கிறது என்று கணக்கிட்டு, அக்கணக்கு காட்டிய வழியிலேயே கற்பனையைச் செலுத்தியதுதான் வாட்டின் விசேஷம்.

கிளாஸ்கோ சர்வகலாசாலைக்குக் கருவிகள் செய்துகொடுத்த அவரிடம், 1763–64 குளிர்காலத்தில், நியூகோமன் யந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. பழுதுபார்த்த பின்னும், சில வீச்சுக்கள் இயங்கியதும் நீராவி போதாமல் அது நின்றுபோயிற்று. கொதிகலனைப் பெரிதாக்குவதே கம்மியர்களுக்குத் தோன்றும் பரிகாரம். வாட்டோ அளக்கத் தொடங்கினார். நீராவியாய் மாறிய நீர், தன் எடையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கண்டு வியந்து, அங்கே இரசாயனம் போதித்துவந்த ஜோசப் பிளாக்கிடம் விசாரித்து, அவருடைய மறைவெப்பத் தத்துவமே இதற்குக் காரணம் எனத் தெளிந்தார். நீராவியைத் திரும்ப நீராக்குவதற்காக வீச்சுக்கு வீச்சு யந்திரத்தின் உருளையைக் குளிர்வித்து மீண்டும் சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி அழிகிறது. உருளை சூடாகவே இருக்கவேண்டும், உள்ளிருக்கும் நீராவியோ குளிர்ந்தாகவேண்டும் என்ற முரண்பாட்டை, 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்நகரத்துப் புல்வெளியில் உலாவுகையில், குளிர்விப்பதற்கெனத் தனிக்கலம் வைக்கலாம் என்று உதித்த யோசனை தீர்த்துவைத்தது.

1769இல் காப்புரிமை கிடைத்தும், உள்வட்டம் பிசகாமல் பெரிய உருளையைக் குடைந்து கொடுப்பாரின்றி யந்திரம் தேங்கிக் கிடந்தது. முதல் போட்ட ஜான் ரோபக் திவாலாகி, அவர் பங்கு பர்மிங்ஹாம் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டனிடம் வந்தது. ஜான் வில்கின்சன் பீரங்கி குடைய அமைத்த பொறி உருளைக் குறையை நீக்கியது.

1775இல் தொடங்கிய போல்ட்டன்–வாட் கூட்டு கேட்ட விலைதான் விசித்திரம். நிலக்கரியைக் கடல்வழியே வருவித்து எரித்த கார்ன்வால் சுரங்க முதலாளிகளிடம், பழைய யந்திரத்தைவிட மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கையே ஊதியமாகக் கேட்டார்கள். அதைக் கணிக்க, வீச்சுக்களை எண்ணும் கருவி ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, மேலும் கீழும் ஆடும் உத்திரத்தோடு பொருத்தினார்கள். குதிரை பூட்டிச் சுற்றிய ஆலைகளில் மிச்சம்பிடிக்கக் கரியே இல்லையாதலால், நிமிடத்துக்கு 33,000 அடி-இராத்தல் வேலையை ஒரு குதிரைத்திறன் என வகுத்து, அதன்படி கட்டணம் விதித்தார் வாட்.

முதலாளிகள் முணுமுணுத்ததும் வழக்குகள் நீண்டதும் தனிக்கதை. நாடாளுமன்றம் 1800 வரை நீட்டித்த உரிமையை இறுகப் பற்றிய வாட், உயரழுத்த நீராவியை ஆபத்தென்று ஒதுக்கினார். ஆபத்து மெய்தான், ஆயினும் அளந்து பார்த்த பழைய வாட்டை இங்கே காணோம். 1804இல் வேல்ஸ் நாட்டுப் பெனிடாரன் இரும்பாலையின் தண்டவாளத்தில் ரிச்சர்ட் டிரெவிதிக் ஓட்டிக்காட்டிய நீராவி வண்டி அவ்வுயரழுத்தத்தைக் கொண்டே இயங்கியது.