ஜாக்கின் அற்புதம்

ஜாக்கின் அற்புதம் (மறைவு: 13 அக்டோபர் 2018) மும்பையில் வாழ்ந்த தமிழர், தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் நிறுவனர். ஏழைகளின் அனுபவமும் உழைப்பும் சேமிப்புமே நகரைச் சீராக்கும் மூலதனம் என்பதை நடத்திக் காட்டியவர்.

இளமை

கோலார் தங்கவயலில் பிறந்த அற்புதம், 1963இல் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தார். செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஜனதா காலனியில் குடியேறினார். அங்கே குப்பை அள்ள நகராட்சி வராதபோது, பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையை நகராட்சி அலுவலகத்துக்கே கொண்டுபோய்ப் போட வைத்தார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காகக் காலனியை அகற்ற முனைந்தபோது, நீதிமன்றத்திலும் தெருவிலும் பல ஆண்டுகள் போராடினார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காலனி இடிக்கப்பட்டது. மக்கள் டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். போராட்டத்தோடு, மாற்றுத் திட்டத்தையும் மக்களே கையில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருடைய பிற்காலப் பணியில் வேரூன்றியது.

கூட்டணி

1970களின் நடுவில் தோன்றிய கூட்டமைப்பு, 1984இல் ஷீலா படேல் முதலியோர் தொடங்கிய ஸ்பார்க் தொண்டு நிறுவனத்தோடும், பைக்குலா நடைபாதைவாசிப் பெண்கள் 1986இல் அமைத்த மகிளா மிலனோடும் கைகோத்தது. மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதி இக்கூட்டணியின் முக்கியக் களங்களுள் ஒன்று.

செயல்முறைகள்

சேமிப்பு: மகிளா மிலன் பெண்கள் வீடுவீடாகச் சென்று அன்றாடம் சிறுதொகை திரட்டினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறமாக வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்துக் கணக்குக் காத்தனர். பணத்தோடு, அடுத்த வீட்டின் நோயும் வேலையிழப்பும் தெரியவந்தன. கடன் கேட்பவரை அறிந்தே கடன் கொடுத்தனர்.

கணக்கெடுப்பு: 1985இல் நடைபாதைவாசிகளைக் கணக்கிட்ட ஆய்வு, அவர்கள் வேலை செய்து வாழும் குடும்பத்தினர் என்பதை அரசுக்குச் சொன்னது. பின்னர் தண்டவாளங்களை ஒட்டிய குடிசைகளும் மக்களாலேயே எண்ணப்பட்டன. இந்தப் பட்டியல்களின் துணையோடு, ரயில் பாதை விரிவாக்கத்துக்காகச் சுமார் 60,000 பேர் வன்முறையின்றி மறுகுடியமர்ந்தனர்.

கழிப்பறை: பொதுக் கழிப்பறைகளைக் கட்டவும் பராமரிக்கவும் அந்தந்தப் பகுதி மக்களே பொறுப்பேற்றனர். குழந்தைகளுக்கெனத் தனியிடமும், பெண்களுக்குத் தனி வாசலும், பராமரிப்பாளருக்கு அறையும் வடிவமைப்பில் இடம்பெற்றன.

காவல் பஞ்சாயத்து: 2004 முதல் மும்பையில், பெண்கள் பெரும்பான்மையாக உள்ள குழுக்கள், காவலர் ஒருவரோடு அமர்ந்து குடும்பச் சச்சரவு, அண்டைவீட்டுத் தகராறு போன்றவற்றைத் தம் பகுதியிலேயே தீர்த்தன.

உலகப் பரவல்

தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகளுடன் 1991இல் தொடங்கிய பரிமாற்றப் பயணங்கள் விரிந்து, 1996இல் உலகக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பாயின. அதன் தலைவராக அற்புதம் இருந்தார். 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார்.

மதிப்பீடு

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2001இல் எழுதிய கட்டுரையில் இக்கூட்டணியை ஆழ்ந்த சனநாயகத்தின் எடுத்துக்காட்டாகக் கண்டார். அரசோடு ஒத்துழைப்பது எதிர்ப்புக் குரலை மழுக்கும் என நகர ஆய்வாளர் அனன்யா ராய் போன்றோர் கேள்வி எழுப்பினர். அக்கேள்வி நியாயமானதே. ஆனால் இடிப்பு ஆணையோடு வரும் அதிகாரியின் முன், கையில் கணக்கேடும் வங்கிச் சேமிப்பும் கொண்டு நிற்கும் பெண் வெறும் மனுதாரர் அல்லர். தாராவி மறுசீரமைப்பு விவாதத்திலும், குடியிருப்போரைக் கேட்காமலும் எண்ணாமலும் திட்டம் தீட்டக் கூடாது என அற்புதம் வலியுறுத்தினார். எந்த நகரின் புதுப்பிப்புக்கும் பொருந்தும் அளவுகோல் அது.