நிலாப் பள்ளமும் நம் வீட்டுக் கலர் கண்ணாடியும்

மலர்க் குழுவினர் "பெரியவங்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க" என்றார்கள். ஆகவே கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கைவேலை.

நம் கண்கள் சுமார் 6 செ.மீ. தள்ளித் தள்ளி இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் காட்சி சற்றே மாறித் தெரிகிறது. இரண்டையும் மூளை இணைப்பதால்தான் ஆழம் புலப்படுகிறது என்று 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், இரு நிலைக்கண்ணாடிகள் பொருத்திய கருவியால் விளக்கினார். 1853-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல்மான், இரு படங்களையும் இரு நிறங்களில் ஒன்றாக வரைந்து, நிறக்கண்ணாடி வழியே பார்த்தாலே போதும் என்று காட்டினார். 1891-இல் பிரான்சின் லூயி டூகோ டு ஓரோன் அம்முறையை அச்சுப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்து 'அனாகிளிஃப்' என்று பெயரிட்டார்.

பழைய விளையாட்டுதானே என்று தள்ளிவிட முடியாது. நிலவில் ஊர்ந்த பிரக்யானுக்கும் இரு கண்கள், அதாவது இரு வழிகாட்டும் கேமராக்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று, 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் தென்படவே, இஸ்ரோ அதைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேமராக்கள் எடுத்த விக்ரம் கலத்தின் சிவப்பு-நீலப் படத்தை இஸ்ரோ செப்டம்பர் 5 அன்று வெளியிட்டது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது நமக்கெல்லாம் தனிப் பெருமை!

இனி கைவேலை. நம்மூரில் கண்ணாடி பேப்பர் என்பதை, இங்கே பாணேர் கடைகளில் 'ஜிலேட்டின் பேப்பர்' என்று கேளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கண்ணாடிச் சட்டம்போல வெட்டி, இடக்கண்ணுக்குச் சிவப்பும் வலக்கண்ணுக்கு நீலமும் ஒட்டுங்கள். வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு போட்டு, இடக்கண்ணால் மட்டும் பாருங்கள். கோடு மங்கி மறைந்தால் சரி. மறையலேன்னா தாளை இரண்டாக மடித்து ஒட்டுங்க. பிறகு இஸ்ரோ படத்தைப் பாருங்கள், விக்ரம் எழுந்து நிற்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லாருக்கும் எழுந்து தெரியும் படம் உங்கள் பிள்ளைக்கு மட்டும் தட்டையாகவே தெரிந்தால், "சரியாப் பாரு" என்று அதட்டாதீர்கள். ஒரு கண் பலவீனமாக இருக்கலாம். மற்ற கண் வேலையை முழுக்கச் செய்துவிடுவதால் பிள்ளைக்கே அது தெரியாது. சின்ன வயதிலேயே கண் மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சரிசெய்யலாம். வளர்ந்தபின் கடினம்.